அம்மம்மா ஏறிய கோச்சி: யாழ்ப்பாண ஸ்ரேசன் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. யாழ்ப்பாணப் புகையிரத நிலையம் திறந்தது 1902இலா 1905இலா என்பது முதலாவது. ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் மற்றதும் எழுதியிருக்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றையும் போட்டிருக்கிறீர்கள். சுன்னாகத்தில் இருக்கும் உங்கள் அம்மம்மா, தான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறி யாழ்ப்பாண ரவுணுக்குப் படிக்கப் போனதாகச் சொல்கிறாராம். பகல் ரயிலான யாழ்தேவியும் இரவு ரயிலான மெயிலும் கொழும்புக்குப் போகிற ரயில்கள்தானே, அவற்றில் யாராவது சுன்னாகத்தில் ஏறிப் பள்ளிக்கூடம் போயிருப்பார்களா, அம்மம்மா எதையோ எதோடோ போட்டுக் குழப்புகிறாரா என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டாவதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொன்னால் முதலாவதற்கும் பதில் வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1974இல் புகையிரதத் திணைக்களத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை ஸ்ரேசன் வேலைதான் பார்த்தேன். வடக்கிலும் இருந்தேன், பாதை நின்ற பிறகு தெற்கிலும் இருந்தேன். அதற்கு முன்னர் சாவகச்சேரியில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கிய பள்ளிக்கூடப் பொடியன். நான் பொறியியலாளன் இல்லை. பாலத்தின் இரும்பைப் பற்றியோ மண்ணின் தாங்குதிறனைப் பற்றியோ கேட்டால் கையை விரிப்பேன். கீழே வரும் ஆண்டுகளும் தூரங்களும் எழுத்தில் உள்ளவை. என் ஊகம் வருகிற இடத்தில் ஊகம் என்றே சொல்கிறேன்.

சரி, ஆண்டு விவகாரம். இரண்டும் சரி. 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 21 மைல். அப்போது தெற்கேயிருந்து வரும் பாதை இன்னும் குருநாகலைத் தாண்டவில்லை. பொல்காவலையில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து குருநாகல் வரை வந்த துண்டு 1894இலேயே திறந்தாயிற்று; அது அனுராதபுரத்தைத் தொட்டது 1904இல். நடுவில் கிடந்தது வன்னிக் காடு. தண்ணீர் இல்லாத, மலேரியா நிறைந்த அந்தத் துண்டுதான் கடைசியாக முடிந்தது. 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து முதலாவது ரயில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. எடுத்த நேரம் 13 மணித்தியாலம் 20 நிமிடம். ஆக, ஸ்ரேசன் திறந்த ஆண்டு என்றால் 1902, கொழும்போடு தொடுப்பு விழுந்த ஆண்டு என்றால் 1905. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

இதை இன்னொரு தரம் வாசியுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் இந்த ஸ்ரேசனிலிருந்து கொழும்புக்குப் போக வழியே இல்லை. ஒரு பக்கம் காங்கேசன்துறை, மறுபக்கம் சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சி. அப்படியென்றால் அந்த மூன்று வருடமும் இதில் ஏறியது யார்? சாவகச்சேரிச் சந்தைக்குப் போனவர், கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், அலுவல் பார்க்க வந்தவர், மாவிட்டபுரம் கோயிலுக்குப் போனவர், துறைமுகத்துக்குப் போனவர். பிறந்த நாளில் யாழ்ப்பாணம் ஓர் ஊர்க் கோச்சி ஸ்ரேசன். கொழும்பு வாசல் என்ற பெயர் பிறகு வந்து ஒட்டியது. எழுதுகிறவர்கள் எல்லாரும் 1905இலிருந்து தொடங்கி யாழ்தேவிக்குத் தாவிவிடுவதால் இந்தப் பக்கம் மறந்து போயிற்று.

கொழும்பிலிருந்து போட வேண்டிய பாதையை ஏன் இந்த நுனியிலிருந்து தொடங்கினார்கள் என்று கேட்பீர்கள். என் ஊகம், காங்கேசன்துறையில் கப்பல் நிற்கும் என்பதால். காடு வெட்டி முடியும்வரை காத்திராமல் தண்டவாளமும் இயந்திரமும் கடல் வழியாக வந்து இறங்கலாம். குடாநாடு தட்டை நிலம், மலையோ குகையோ இல்லை, சனம் நெருக்கம், போட்ட அன்றே வருமானம். வடபகுதிக்கு ரயில் தேவையா, கட்டுப்படியாகுமா என்று நீண்ட காலம் இழுபட்ட விடயத்துக்கு ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வே காலத்தில் முடிவு வந்தது. அதை விரைவாகக் கண்ணில் காட்டவும் இந்தத் துண்டு வசதியாக இருந்திருக்கும். அகலமும் மற்றப் பிரதான பாதைகளின் அகலம்தான், 5 அடி 6 அங்குலம். இல்லாவிட்டால் இரண்டு நுனியும் ஒருநாளும் பொருந்தியிராது.

இது ஊர்க் கோச்சிக்கென்று போட்ட பாதை மாதிரியே இருந்தது என்பதற்கு நான் காட்டக்கூடிய சாட்சி ஸ்ரேசன்களின் நெருக்கம். ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீட்டர். அதற்குள் புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீட்டர்தான். அதற்குள் எழுதுமட்டுவாள், மிருசுவில், உசன், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி, தச்சன்தோப்பு, நாவற்குழி, புங்கன்குளம், யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. மூச்சு வாங்குகிறது. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே ஏறக்குறைய இரண்டு, இரண்டரைக் கிலோமீட்டருக்கு ஒன்று வருகிறது. எல்லாம் ஒரே நாளில் திறந்தவை என்று நான் சொல்லவில்லை. பல பின்னர் சேர்ந்தவை, சில வெறும் தரிப்பிடங்கள். ஆனால் 400 கிலோமீட்டர் ஓடிக் கொழும்புக்குப் போகிற ரயிலுக்காக யாரும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் பக்கத்துப் பக்கத்தில் மேடை கட்டமாட்டார்கள். கூடை தூக்கி வருகிற சனத்துக்கும் புத்தகப்பை போட்டு வருகிற பிள்ளைக்கும்தான் அப்படிக் கட்டுவார்கள்.

ஸ்ரேசன் இருக்கிற இடத்தையும் கவனியுங்கள். கோட்டையும் பெரிய கடை என்கிற கடைத்தெருவும் மேற்கே இருக்கின்றன. கச்சேரியும் பழைய பூங்காவும் தென்கிழக்கே. ஸ்ரேசன் இரண்டுக்கும் நடுவில், பழைய பட்டணத்தின் விளிம்பில் விழுந்திருக்கிறது. கிழக்கே புங்கன்குளம் பக்கமிருந்து வரும் பாதை இங்கே வளைந்து வடக்கே கொக்குவிலுக்குத் திரும்புகிறது. ஆகவே யாழ்ப்பாணம் முட்டி நிற்கும் கடைசி ஸ்ரேசன் கிடையாது. உள்ளே வந்து மறுபக்கத்தால் வெளியேறிப் போகிற ஸ்ரேசன். காங்கேசன்துறைக்குப் போகிற ரயிலுக்கு இயந்திரத்தைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை இல்லை. பட்டணத்துக்குள் இன்னும் ஆழமாக, பெரிய கடைப் பக்கம் கொண்டுபோயிருந்தால் அந்த வளைவு கிடைத்திராது என்று நினைக்கிறேன். பஸ் நிலையத்திலிருந்து இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று இன்றைக்கும் திட்டுகிறார்கள். வெயிலில் பெட்டியோடு நடந்தால் நானும் திட்டுவேன். ஆனால் ஸ்ரேசன்தான் முந்தியது, பஸ் பிந்தியது.

இனி அம்மம்மாவின் காலம். நான் படித்த அறுபதுகளைத்தான் எனக்குத் தெரியும், அவருடையது அதற்குக் கொஞ்சம் முந்தியது. சாவகச்சேரியில் காலையில் நாங்கள் ஏறியது பெரும்பாலும் முதல்நாள் இரவு கொழும்பில் புறப்பட்ட மெயில்! அதுதான் வேடிக்கை. இரவு முழுக்கத் தூங்கி வழிந்து வந்த கிளாக்கர்மாருக்கு நடுவில், எண்ணெய் வைத்து வழித்து இழுத்த தலையோடு நாங்கள் போய் நெருக்கியடித்து நிற்போம். அவர்கள் பக்கத்தில் குருநாகல் ஸ்ரேசனில் வாங்கிய வாழைப்பழத் தோல், எங்கள் பக்கத்தில் இடியப்பப் பார்சல் மணம். வழியில் எங்காவது எதிர் ரயிலைக் கடக்கவிடக் காத்து நின்று மெயில் பிந்தினால் நாங்களும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்துவோம். "கோச்சி பிந்திப் போச்சு சேர்" என்று சொன்னால் வாத்தியார் அடிப்பதில்லை. பிந்தாத நாளிலும் அதைச் சொல்லித் தப்பியவர்கள் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். ஆகவே நீங்கள் நினைக்கிற மாதிரி கொழும்பு ரயில் வேறு, ஊர் ரயில் வேறு என்று கோடு கிழிக்க முடியாது. ஒரே பெட்டிக்குள் இரண்டும் ஓடின. அதைவிட எல்லா இடமும் நின்று நின்று போகும் மெதுவான ரயில்களும் இருந்தன. சாமானும் சனமும் ஒன்றாகப் போகிற கலப்பு ரயிலும் இருந்தது. சுன்னாகத்தில் ஏறிய ஒரு பெண் பிள்ளை இருபது நிமிடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கி ஆஸ்பத்திரி வீதிப் பக்கமாக நடந்து போயிருப்பதில் எந்த அதிசயமும் இல்லை. அம்மம்மா குழம்பவில்லை.

அவரிடம் பருவகாலச் சீட்டு இருந்திருக்கும், நாங்கள் சீசன் என்போம். சீசன் இல்லாதவர்களுக்குத் தடித்த மட்டையில் அச்சடித்த சின்ன ரிக்கற். பெருவிரல் அகலம். நான் வேலைக்குப் போனபோது முதலில் பழக்கியதே அந்த ரிக்கற்றுக்குத் திகதி அடிக்கும் இரும்பு இயந்திரத்தைத்தான். மேசையில் பூட்டியிருக்கும். மட்டையை ஒரு பக்கத்தால் கொடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம், திகதி விழுந்துவிடும். எழுத்துகளை ஒவ்வொரு நாளும் அதிகாலையில் ஊசி போன்ற ஒன்றால் நெம்பி மாற்ற வேண்டும். சேர்ந்த இரண்டாம் கிழமை, தெற்கே ஒரு சின்ன ஸ்ரேசனில், மாற்ற மறந்து முதல்நாள் திகதியோடு ஒரு ரயிலுக்கே ரிக்கற் கொடுத்துவிட்டேன். அடுத்த ஸ்ரேசனுக்குத் தொலைபேசி எடுத்து, அங்கிருந்து ரயில் கார்ட்டுக்குச் சொல்லி, ஒருவரையும் இறக்கிவிடாமல் பார்த்தது எனக்கு மேலே இருந்த பெரியவர். ஏச்சு என்னவோ எனக்கு மட்டும்தான் விழுந்தது. அந்த 'டக்' சத்தம் கேட்டால் இப்போதும் என் கை தானாகத் திகதியைப் பார்க்கும்.

இன்னொரு சாமானையும் சொல்லாமல் விட முடியாது: தப்லட். இது ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு ரயில் ஒரே துண்டுக்குள் நுழைந்தால் கதை முடிந்தது. அதற்காக இரண்டு ஸ்ரேசன்களுக்கு நடுவே ஒரு சோடி இயந்திரம் இருக்கும், கம்பியால் தொடுத்தது. ஓர் ஸ்ரேசனில் வட்டமான ஓர் உலோகத் தகட்டை வெளியே எடுத்தால், அதைத் திரும்ப உள்ளே போடும்வரை இரண்டு பக்கத்திலும் இன்னொன்று எடுக்க வராது. அந்தத் தகட்டைத் தோல்பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, சாரதியிடம் கொடுப்போம். அது கையில் இல்லாமல் அவர் நகரக் கூடாது. நிற்காத ரயில் என்றால் ஓடும்போதே மாற்ற வேண்டும்: சாரதியின் உதவியாளர் பழையதை வீசுவார், நாங்கள் நீட்டிப் பிடிக்கும் புதியதற்குள் கையை நுழைத்துப் பறித்துக்கொண்டு போவார். மழை இரவில் வளையம் பற்றைக்குள் போய் விழுந்தால் அரிக்கன் லாம்போடு தேடித் திரிய வேண்டியதுதான். சின்ன வயதில் மேடையில் நின்று இதைப் பார்த்ததால்தான் நான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். இப்போது வடபாதையில் தப்லட் கிடையாது. வெளிச்ச சமிக்ஞைகளும் மையக் கட்டுப்பாடும் வந்துவிட்டன, இந்தியாவின் இர்கொன் நிறுவனம் போட்டது. பாதுகாப்புக்கு அதுதான் மேல், சந்தேகமில்லை. பொடியன்கள் நின்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

யாழ்தேவியைப் பற்றி ஏற்கனவே கனக்க எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1956 ஏப்ரல் 23இல் தொடங்கியது. அப்போது பொது முகாமையாளராக இருந்த ராம்பாலா நீண்டதூர ரயில்களுக்குப் பெயர் வைத்து ஓடவிட்ட காலம் அது. முந்திய வருடம் தெற்குக்கு ருகுணு குமாரி, அதன் பிறகு எங்களுக்கு யாழ்தேவி, மலைநாட்டுக்கு உடரட மெனிக்கே. டீசல் இயந்திரம் வந்ததால்தான் அது முடிந்தது. பகல் பயணம் ஏழு மணித்தியாலம் அளவுக்கு இறங்கியது. கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த இயந்திரங்களுக்குக் கனடாவின் மாகாணங்களின் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றின் பக்கத்தில் 'ஒன்ராறியோ' என்று இருக்கும். அது என்ன பெயர், எந்த ஊர் என்று எங்களுக்குள் பந்தயம் பிடித்த கூட்டத்தில் பாதிப் பேர் இன்றைக்கு அங்கேதான் இருக்கிறார்கள்.

கொழும்பில் உத்தியோகம், ஊரில் வீடு என்று இருந்த ஒரு தலைமுறைக்கு இந்தப் பாதைதான் நரம்பு. வெள்ளி இரவு மெயிலில் ஏறி, சனி ஞாயிறு வீட்டில் நின்று, திங்கள் விடியக் கந்தோரில் இருப்பவர்கள் உண்டு. அரச உத்தியோகத்தர்களுக்கு வருடத்தில் கிடைக்கும் வோறன்ற்றுகளை, அதாவது இலவச ரயில் பயணச் சீட்டுகளை, கோயில் திருவிழாவுக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து உடைப்பார்கள். சாமான் பக்கமும் சின்னதில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து, ஆனையிறவு உப்பு, புகையிலைச் சிப்பம், வெங்காயம், சாவகச்சேரி மாம்பழம் எல்லாம் தெற்கே போயின.

பிறகு நடந்ததை நீட்ட விரும்பவில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் அனுராதபுரத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு குடும்பத்தோடு இரவு மெயிலில் ஏறுவதைப் பலர் விட்டுவிட்டார்கள். 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே படையினரை ஏற்றி வந்த யாழ்தேவி குண்டில் சிக்கியது. நின்று நின்று ஓடிய ரயில் போரால் 1990 ஜூன் 13ஆம் திகதியோடு முற்றாக நின்றது. அதற்குப் பிறகு தண்டவாளமும் அதன் அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. எந்தப் பக்கம் கூடக் கழற்றியது என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டு பக்கமும் கழற்றின. 2002இல் கண்டி யாழ்ப்பாண ஏ9 வீதி திறந்ததும் நான் ஸ்ரேசனைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை. சுவருக்குள் ஆலமரம் வேர் விட்டிருந்தது. மேடையின் விளிம்புக் கல் மட்டும் அப்படியே இருந்தது. தண்டவாளம் கிடந்த பள்ளத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். நான் இறங்குகிற இடம் எது என்று காலடி எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் பெட்டி வந்து நிற்கும் தூணின் அடிக்கட்டை மட்டும் தெரிந்தது.

மீண்டும் பாதை வந்த வரிசையைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2011 மே மாதம் ஓமந்தை வரை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை, 2014 மார்ச்சில் பளை வரை, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம் வரை, 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை வரை. இந்தியக் கடனுதவியில், ஓமந்தையிலிருந்து இங்கே வரை கொங்கிரீட் சிலிப்பரோடு முழுப் பாதையும் புதிதாகப் போடப்பட்டது. 1902இல் எது முதலில் வந்ததோ அது இந்தத் தடவை கடைசியில் வந்தது. தெல்லிப்பழைக்கு அப்பால் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் கிடந்தது ஒரு காரணம். ஆனால் விளைவைப் பாருங்கள்: முதல் தடவை ஸ்ரேசன் ஊரிலிருந்து வெளியே வளர்ந்தது, இரண்டாம் தடவை கொழும்பிலிருந்து உள்ளே வந்து சேர்ந்தது. நேர அட்டவணையும் அப்படித்தான் வந்தது. கொழும்பில் காலையில் புறப்பட வசதியான நேரம், கொழும்புக்கு மாலையில் போய்ச் சேர வசதியான நேரம். கோண்டாவில் பிள்ளை எட்டு மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டும் என்று யோசித்து யாரும் அட்டவணை போடவில்லை. ஸ்ரேசனை வெள்ளையடித்து வடிவாகத் திருப்பித் தந்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உத்தரதேவி, ஸ்ரீதேவி, குளிரூட்டிய நகரசேர் ரயில் என்று தெற்கோடு தொடுப்பு நன்றாகவே வந்து சேர்ந்தது. மாகோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீட்டரையும் திருத்தி முடித்து 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். திரும்பி வராதது ஊர்க் கோச்சிதான்.

முற்றாக வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 ஜூலையில், பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே உத்தியோகத்தர்கள் போய்வர ஒரு ரயிலை ஓடவிட்டார்கள். யாழ் ராணி என்று பெயர். அதில் ஏறிய பலருக்குத் தங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தரிப்பிடம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். எண்ணெய் கிடைத்ததும் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள், அது இயல்பு.

கொழும்பில் மாதிரி இங்கே ஏன் அடிக்கடி ரயில் விட முடியாது என்றும் கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். எல்லாத் தரிப்பிடத்திலும் நின்றால் அரை மணித்தியாலத்துக்கு மேல். ஒரு பவர்செற், அதாவது இயந்திரமும் பெட்டியும் ஒன்றாக உள்ள ரயில், போய்த் திரும்பி, சாரதி முனை மாறி, மறுபடி புறப்பட ஒன்றரை மணித்தியாலம் என்று வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணிக்கு ஒரு ரயில்தான் விடலாம். நடுவில் சுன்னாகம் போல ஓரிடத்தில் கடக்கவிட்டு இரண்டு செற் ஓடினால் முக்கால் மணிக்கு ஒன்று. கே.கே.எஸ். என்கிற காங்கேசன்துறை வீதியில் கையைக் காட்டினால் நிற்கும் மினிபஸ் சில நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. நாள் முழுக்க அதோடு போட்டி போட முடியாது. ஆனால் காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு, பள்ளிக்கூட நேரத்துக்கும் கந்தோர் நேரத்துக்கும் பொருத்தி விட்டால் நிரம்பும் என்பது என் தனிப்பட்ட எண்ணம். அதற்கு ஒதுக்க மேலதிக செற் வேண்டும். நாடு முழுக்கப் பெட்டித் தட்டுப்பாடு இருக்கும்போது 18 கிலோமீட்டருக்கு யார் ஒதுக்குவார்கள் என்பதும் நியாயமான கேள்வி.

இன்னொரு தடை, வீதிகள் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும் கடவைகள். 24 வருடம் ரயில் இல்லாமல் கிடந்த ஊர் இது. அந்த இடைவெளியில் பாதையின் இரு பக்கமும் வீடுகள் வந்தன, ஒழுங்கைகள் பாதையை வெட்டிப் போயின. ஒரு தலைமுறை தண்டவாளத்தைத் தாண்டும்போது நின்று பார்க்கப் பழகாமலே வளர்ந்தது. ரயில் வந்த பிறகு பாதுகாப்பற்ற கடவைகளில் நாங்கள் எத்தனை பேரை இழந்தோம் என்பது பத்திரிகை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். பழைய இயந்திரம் தூரத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். புதுப் பாதையில் தண்டவாளத்தை நீளத்துக்கு ஒட்டியிருப்பதால் அந்தத் தடக் தடக் சத்தமும் குறைவு, வேகமும் கூட. பல கடவைகளில் மணியும் வெளிச்சமும் வந்துவிட்டன. சிலவற்றில் சொற்பக் கொடுப்பனவுக்கு ஆட்கள் வெயிலில் நின்று கயிறு இழுக்கிறார்கள். ரயிலைக் கூட்டுவதற்கு முதல் இதைச் சரி செய்ய வேண்டும் என்பதில் என்னோடு வேலை செய்த எவரும் மாறிச் சொல்லமாட்டார்கள்.

அம்மம்மாவிடம் திரும்பப் போகும்போது, உண்மையா பொய்யா என்று கேட்காதீர்கள், பாவம். இதைக் கேளுங்கள்: யாழ்ப்பாணத்தில் இறங்கினதும் வாசலில் ரிக்கற் வாங்குகிறவரிடம் சீசனைக் கையில் எடுத்துக் காட்டினாரா, இல்லை "சீசன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே ஓடினாரா? நாங்கள் எல்லாரும் இரண்டாவதுதான். பிறகு, திரும்பி வரும்போது பின்னேரம் எந்தக் கோச்சி, அது எத்தனை மணிக்கு என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள். காலையில் வந்ததை நான் மறக்கவில்லை. நாங்கள் பாதி நாள் பஸ்ஸில்தான் திரும்பினோம், அதனால் பின்னேர ரயில்களின் நேரம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.